தெய்வாத்தாளின் மான் மார்க்கு

தெய்வாத்தாளின் வீட்டில் எங்கே திரும்பினாலும் பனியன். கட்டிலில் பனியன், கொடியில் பனியன், அரிசிப் பானை மூடியின்மேல்கூட மடித்து அடுக்கிய பனியன். அதைப் போட்டுக்கொள்ள மட்டும் அந்த வீட்டில் ஓர் ஆண் இல்லை.

புருஷன் என்று ஒருவன் இருந்தான். சென்னியப்பன் என்று பெயர். பட்டப்பகலில், தெருக் குழாயடியில் பெண்கள் கூடியிருந்த நேரம் பார்த்து, டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கத்தினான்.

"கருகருன்னு, ஆடி அசஞ்சு நடக்கற எருமை! இதக் கட்டிக்கிட்டு எவன் காலந் தள்ளுவான்?"

போய்விட்டான். குழாயில் தண்ணீர் குடத்தை நிறைத்து வழிந்துகொண்டே இருந்தது. யாரும் குடத்தை எடுக்கவில்லை. அத்தனை கண்களும் தன் இடுப்பையும் நடையையும் அளப்பதுபோல் தெய்வாத்தாளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவள் தெருவில் வேகவேகமாக நடக்கப் பழகிக்கொண்டாள்.

அழுது ஓய்ந்த பிறகு வயிறு என்று ஒன்று இருக்கிறதல்லவா? திருப்பூரில் அதற்கு ஒரே வழிதான். பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போனாள். தைத்து விழுவதை மடித்து அடுக்கும் வேலை. மடித்த கை மெல்ல மெல்லத் தையலையும் கற்றுக்கொண்டது. கழுத்தில் மஞ்சள் கயிற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் கிடந்த தங்கத்தை விற்று ஒரு பழைய கால் மிஷின் வாங்கினாள். கம்பெனிகளில் மிஞ்சும் துணியை எடைக்கு வாங்கி வருவாள். வெட்டுவதும் அவளே, தைப்பதும் அவளே, கட்டித் தலையில் சுமப்பதும் அவளே. முதலாளியும் தொழிலாளியும் ஒரே பாயில் படுத்துத் தூங்கிய கம்பெனி அது!

சரக்கை வாங்கிச் சந்தை சந்தையாகக் கொண்டுபோய் விற்றவர் சலாவுதீன் பாய். பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய மனசு. அறுபத்தாறாம் வருஷம், ஆடி கழிந்த சமயம் அவர் ஒரு சேதியோடு வந்தார்.

"சரக்கு நல்ல சரக்குதான் அம்மிணி. ஆனாப் பேரு வெக்காத கொழந்தையாட்டக் கெடக்குது. சந்தைக்கு வர்றவன் எழுத்தையா படிக்கறான்? 'அந்தப் படம் போட்டதக் குடு'ங்கறான். நம்மளதுல என்ன படம் இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒரு மொதலாளி கேக்கறாரு. நீ தெக்கறது பூராவும் அவருக்குக் குடுத்துரோணும். அவரு மார்க்கு அவரு குத்திக்குவாரு. உனக்குக் கூலி நிச்சயம்."

தெய்வாத்தாள் மிஷினை நிறுத்தினாள்.

"அப்பறம் எம்பட பனியன எம்படதுன்னு சொல்ல முடியாதுங்களா பாய்?"

"அதெப்படி முடியும்?"

"தீவாளி வரைக்கும் பொறுங்க. நானே ஒரு மார்க்குப் போடறனுங்க. அது ஓடலீன்னா நீங்க சொன்னபடி கேக்கறேன்."

சொல்லிவிட்டாள். என்ன படம்? அங்கேதான் சங்கடம். போர்டு எழுதும் மாரப்பனைத் தேடிப் போனாள். கடைப் பலகை, மாட்டு வண்டிப் பெயர், எல்லாம் அவன் கைவண்ணம். மூலனூர்க்காரன், அந்த ஊர் முருங்கைக்காய் போலவே நீளமாய், ஒல்லியாய் இருப்பான்.

"கிளி?" என்று கேட்டாள்.

"இருக்குதுங்கக்கா. கிளி, யானை, மயிலு, தாமரை எல்லாத்துலயும் ஆளு உக்காந்தாச்சு. மீசக்காரனக்கூட உடலீங்க."

தெய்வாத்தாள் யோசித்தாள். அமராவதி அணை கட்டும்போது புதுப்பெண்ணாக மண் சுமக்கப் போயிருந்தாள். ஒரு விடியற்காலை, தண்ணீர் ஓரம் ஒரு மான் நின்றது. என்ன ஒயில், என்ன மெல்லிய கால்! 'இப்படிப் பிறந்திருந்தால் என்னை யார் விட்டுப் போவார்கள்?' என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். அதை மாரப்பனிடம் சொல்லவில்லை.

"மான் போடுங்க. கொம்பு நல்லா விரிஞ்சிருக்கட்டும்," என்றாள்.

மாரப்பன் வரைந்த மான் காகிதத்திலிருந்து துள்ளி ஓடிவிடும்போல் இருந்தது. தச்சனிடம் கொடுத்து மரக்கட்டையில் அச்சு வெட்டினார்கள். எங்கே குத்துவது? தோட்டத்துக்காரர்கள் சட்டை போடுவதில்லை, பனியனோடுதான் சந்தைக்கு வருவார்கள். ஆகவே முன்பக்கம், நட்ட நடு வயிற்றில், எல்லார் கண்ணிலும் படும்படி குத்தவேண்டும் என்று முடிவாயிற்று. முதல் பனியனை மாரப்பனே போட்டுப் பார்த்தான். மான் மானாகவே நின்றது. தெய்வாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பலகையில் விரித்து விரித்து, நீல மையில் தொட்டுத் தொட்டு, ஒரு மூட்டை முழுக்க மான்களை நிறுத்தினாள்.

மூட்டை மூலனூர்ச் சந்தைக்குப் போயிற்று. திரும்பி வந்த சலாவுதீன் பாய் வாசலில் நின்று, சிரிக்கவா வேண்டாமா என்று தவித்தார்.

"பூராவும் போயிருச்சு அம்மிணி. இன்னும் ரண்டு மூட்ட கேக்கறாங்க. ஆனா..."

"ஆனா என்னங்க பாய்?"

"எருமை மார்க்குன்னு கேக்கறாங்க."

"எருமையா?"

"துணி இழுபடுற துணியில்ல? மாரப்பன் ஒடம்புல வயிறுன்னு ஒண்ணு இருந்தாத்தான இழுக்கும்! அங்க ஒவ்வொருத்தனுக்கும் வயிறு இம்மாம் பெருசு. மானு அகலமாயிருச்சு, காலு குட்டையாயிருச்சு, கொம்பு ரண்டு பக்கமும் வளஞ்சிருச்சு. அசல் எருமை!"

ஐயோ! நெஞ்சில் ஆணி இறங்கினால் இப்படித்தான் இருக்குமா? குழாயடியும் டிரங்குப் பெட்டியும் மறுபடி கண்முன் வந்து நின்றன. ஊரை விட்டுப் போனவன் வீசிய சொல்லைத் தன் கையாலேயே மை தொட்டு ஊரார் வயிற்றிலெல்லாம் குத்தி அனுப்பிவிட்டாளே! பனியன் தைக்கிற வீட்டில் பனியன் போட ஓர் ஆள் இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்குமா? அச்சுக் கட்டையை எடுத்து அடுப்படியில் விறகோடு விறகாக எறிந்தாள்.

"அந்த மொதலாளிகிட்டயே சொல்லீருங்க பாய். எனக்கு மார்க்கு வேண்டாம்."

 சலாவுதீன் பாய்க்குக் குழாயடிக் கதை தெரியும்; திருப்பூரில் யாருக்குத்தான் தெரியாது?

"அடுத்த சந்தைக்கு நீயும் வா. கண்ணால பாரு. பாத்துப்போட்டு அப்பறம் சொல்லு, நானே போயி அவருகிட்டப் பேசறேன்," என்றார்.

மூலனூர்ச் சந்தையில் முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பெயர் சாமியப்பன். பக்கத்தில் அவர் மனைவி மயிலாள். பெரியவர் வயிற்றில் தெய்வாத்தாளின் மான், மானென்று யாரும் சொல்ல முடியாதபடி, கொழுகொழுவென்று நின்றது. தெய்வாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏனுங்கண்ணா, பனியன் எப்படி இருக்குதுங்க?" என்றார் பாய்.

"பனியனுக்கென்ன பாய், நல்லாத்தான் இருக்குது. ஆனா நான் வாங்குனது இதுக்கோசரமாக்கும்." பெரியவர் வயிற்றைத் தட்டினார். "அசலு எங்கூட்டு எருமை காரியாட்டவே இருக்கறா! இத வரஞ்சவன் எருமைகூடவே பொறந்து வளந்தவனாத்தான் இருக்கோணும்."

மயிலாள் குறுக்கிட்டாள். "இந்தக் கூத்தக் கேளுங்க அம்மிணி! என்னைய ஒரு நாளு நெஞ்சுல வெச்சதில்ல இந்த மனுசன். அவள வயித்துல ஒட்டிக்கிட்டுத் திரியறாரு!"

"ஏம் பேசமாட்ட? மழ தண்ணியில்லாத வருசம் நீயா பால் கறந்த?" என்றார் பெரியவர்.

"நானுந்தான் ஒத்துக்கறேன். அவ இல்லீன்னா எம்பட மக்க கஞ்சி குடிச்சிருக்குமா?" என்ற மயிலாளின் குரல் சட்டென்று இளகிவிட்டது.

பெரியவர் சிரித்தார். வயிறு குலுங்கியது. வயிற்றோடு எருமையும் நடந்தது. சென்னியப்பன் சொன்ன அதே ஆடி அசையும் நடை! ஆனால் எவ்வளவு நிதானம், எவ்வளவு தோரணை! யாருக்கும் பயப்படாமல், யாருக்காகவும் ஓடாமல், தன் பாட்டுக்கு நடந்தது. தெய்வாத்தாளுக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் மாரப்பனின் பட்டறையில் போய் நின்றாள்.

"எருமை வரையுங்க தம்பி."

"எருமையவே வரஞ்சா தொப்பையில யானையாயிருங்கக்கா!"

"அப்ப எளச்ச எருமையா வரையுங்க. போடறவங்க ஒடம்புல கொழுத்துக்கட்டும்."

வரைந்தான். ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது, அழித்தான். கழுதை மாதிரி வந்தது, அதையும் அழித்தான். கடைசியில் வந்ததை வெட்டி, அச்சுக் குத்தி, சலாவுதீன் பாயைக் கூப்பிட்டார்கள். கூச்சப்பட்டுச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு நின்றார்.

"மூச்சை இழுத்துப் புடிக்காதீங்க பாய்! உடுங்க!" என்று மாரப்பன் கத்தினான்.

பாய் மூச்சை விட்டார். நீல எருமை மெல்ல உடம்பு பிடித்து, கொம்பு வளைந்து, அவர் வயிற்றில் நிமிர்ந்து நின்றது.

"இதுதானுங்க. இதுதான் எம்பட மார்க்கு," என்றாள் தெய்வாத்தாள்.

தீபாவளிக்கு முன்பே அந்த முதலாளியிடம், "அந்தச் சரக்குக்குச் சொந்தமா மார்க்கு இருக்குதுங்க" என்று சலாவுதீன் பாயே சொல்லிவிட்டார். தெய்வாத்தாளின் கால் மிஷினுக்கு அப்புறம் ஓய்வில்லை. அன்று எறிந்த பழைய மான் கட்டையை மட்டும் விறகிலிருந்து தேடி எடுத்து மாடத்தில் வைத்தாள். அதன்மேல் கோபப்பட என்ன இருக்கிறது?

இரண்டு வருஷம் கழித்து, பல்லடத்தில் ஒரு கடைக்குச் சரக்குக் கொண்டுபோயிருந்தாள். கடைக்காரர் உள்ளே மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை அவள் செத்தாலும் மறப்பாளா?

"ஏனுங்க, எருமை மார்க்குப் பனியன் இருக்குதுங்களா?"

அதே வாய். அதே சொல். எவ்வளவு பணிவு!

தெய்வாத்தாள் எட்டிப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, தோள் கூம்பி நின்றான் சென்னியப்பன். அவளைக் கண்டதும் அவன் கை கடைப் பலகையிலேயே ஒட்டிக்கொண்டது. 

அவள் மூட்டையிலிருந்து ஒரு பனியனை உருவிக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

"சின்ன அளவே குடுங்க. எளச்சிருக்கறாரு."

காலிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். திருப்பூர் பஸ் கிளம்பத் தயாராய் உறுமிக்கொண்டிருந்தது. தெய்வாத்தாள் ஓடவில்லை. ஆடி அசைந்து, தன் நடையிலேயே நடந்துபோனாள். கண்டக்டர் அவளுக்காக விசில் ஊதாமல் காத்திருந்தார்.