மலையிலிருந்து சேதி கொண்டுவந்தவர்

மலைமேல் அணை கட்டிய நாட்களில், அங்கே காய்ச்சலில் செத்தவர்களின் இழவுச் செய்தியைக் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களுக்குக் கொண்டுவர ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். எங்கள் தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடப்படாத குடியில் பிறந்தவர். ஊர் எல்லை வந்ததும் செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொள்வார். வீட்டுக்கொருவர் மலைக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார்கள். என் தம்பியும் அங்கேதான் இருந்தான்.

ஒரு நாள் பக்கத்து வீட்டில் சாவு சொல்லிவிட்டுத் திரும்பியவர், வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

“ஒங்க வீட்டுக்கு இல்ல சாமி.”

எனக்கு மூச்சு வந்தது. கூடவே அவர்மேல் இரக்கமும் வந்தது.

“இதென்ன பொழப்புய்யா? வேற வேலை கெடைக்கலையா?”

“கெடைச்சுச்சு சாமி. கல்லு ஒடைக்கக் கூப்பிட்டாக. எனக்கு இதுதான் புடிச்சிருக்குன்னுட்டேன்.”

“சாவு சொல்றதா புடிச்சிருக்கு?”

“முன்னெல்லாம் இந்தத் தெருக்காரவுகளக் கண்டா நாந்தான் ஒதுங்கி நிக்கணும். இப்ப என்னையக் கண்டதும் அவுகல்ல எந்திரிச்சு நிக்கிறாக!”

பக்கத்து வீட்டில் ஒப்பாரி எழுந்தது. அவர் செருப்பை இடுக்கிக்கொண்டு நடந்தார். வாசல்தோறும் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் எல்லை தாண்டும்வரை ஒருவரும் உட்காரவில்லை. நானும்தான்.