ஒருதரம் ஊற்றிய தண்ணீர்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த இஸ்திரி மேசை அவளுடையது. நின்றபடியே கண் சொக்கிப்போகும் அவளுக்கு. ஆனாலும் ஒரு காலரில்கூட மடிப்பு விழாது. ‘அரைத்தூக்கம்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியபின் அது முழுத்தூக்கமாகிவிட்டது. புருஷன் லாரி ஓட்டுகிறவன், வீடு தங்குவதே அபூர்வம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமியார் உண்டு. குறை சொல்லவும் அதே மாமியார்தான்.

பிள்ளைக்குக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத்தாயாக நிற்க என்னைக் கேட்டாள். இருந்த ஒரு விடுமுறையும் போச்சே என்று முனகிக்கொண்டு, முட்டிவலியோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த அவள்கூடப் பங்குச்சாமியார் அறைக்குப் போனேன். அங்கே மின்விசிறி சுற்றியதே தவிர காற்று வரவில்லை. ஃபாதர் ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, பிள்ளைக்கு ஏற்கெனவே யாராவது ஞானஸ்நானம் கொடுத்ததுண்டா என்று கேட்டார்.

“நான் குடுத்தேன், ஃபாதர்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை மாதம் பக்கத்திலேயே நிற்கிறேன், வாய் திறக்கவில்லை பாருங்கள். குறைமாதப் பிள்ளை என்று தெரியும், கண்ணாடிப் பெட்டியில் கிடந்ததும் தெரியும். ஒரு மத்தியானம் டாக்டர் கையை விரித்துவிட்டாராம். நர்ஸிடம் ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் வாங்கி, பெட்டியின் துவாரத்துக்குள் கையை விட்டுத் தலையில் ஊற்றியிருக்கிறாள். சாகும் தருவாயில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் எங்கள் எல்லோருக்கும்தான் சொல்லித்தந்தார்கள். யார் அதையெல்லாம் நினைப்பில் வைத்திருக்கிறார்கள்?

ஃபாதர் பேனாவை மூடினார். “அப்ப முடிஞ்சுதும்மா. ஞானஸ்நானம் ஒருதரந்தான். கோயில்ல எண்ணெய் பூசி, வெள்ளைத்துணி போட்டு, மெழுகுவர்த்தி குடுப்போம். தண்ணி மறுபடி ஊத்தமுடியாது.”

அவள் எழுந்திருக்கவில்லை. “அன்னைக்கு இவனை வழியனுப்பத்தான் ஊத்தினேன், ஃபாதர். இப்ப இருக்கான். என்கூட வச்சுக்கிறதுக்கு ஒருதரம் ஊத்துங்க.”

ஃபாதர் மூடிய பேனாவை மேசைமேல் வைத்தார். இந்தப் பிள்ளை என்னுடையது என்று கடவுள் சொல்வதுதான் ஞானஸ்நானம், செத்தாலும் பிழைத்தாலும் அவர் பேச்சு மாறுவதில்லை, அதனால்தான் இரண்டாந்தரம் கிடையாது என்றார். அப்புறம் அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. தண்ணீர் பட்டதா, வார்த்தைகள் சரியாக வந்தனவா என்பதில் சந்தேகம் இருந்தால் மட்டும், ‘இதுவரை பெறாதிருந்தால்’ என்று சொல்லி ஊற்றச் சபையில் வழி உண்டு என்றார்.

“அந்தப் பதட்டத்துல ஏதாவது விட்டுப்போச்சாம்மா?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது காரியம். நான் முழங்கையால் இடித்தேன். அவள் மடியில் தூங்கிய பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவி, இங்கேயும் தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

“இல்ல ஃபாதர். தண்ணி பட்டுச்சு. பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு முழுசாச் சொன்னேன். ஒண்ணும் விடல.”

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஆசைப்பட்டுக் கேட்டவளும் நீதான், கிடைக்கப்போனதைக் கெடுத்தவளும் நீதான், உனக்கென்ன பைத்தியமா என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

“சந்தேகம்னு சொல்லிட்டா, அன்னைக்கு அந்தப் பெட்டிக்குள்ள இவன் தனியாக் கெடந்தான்னு ஆயிடும்க்கா.”