பொருந்தவில்லை என்று சொன்னார்கள்

அக்காவுக்குக் கிட்னி கொடுக்கிறேன் என்று சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. அக்கா கேட்கவே மாட்டாள். மேசையில் இருக்கும் உப்பை எடுத்துத் தரச் சொல்லவும் வாய் வராமல் தானே எழுந்து போகிறவள் அவள். "வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், வாழ்நாள் முழுக்க" என்று டாக்டர் மலாயில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் குறுக்கே விழுந்தேன். "என்னோடதுல ஒண்ணு எடுத்துக்குங்க டாக்டர்." கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக் கொடுப்பதுபோலச் சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதும் வாய்தான் முன்னால் ஓடும்.

வீட்டுக்கு வரும் வரை அக்கா காடியின் சன்னல் வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "நெசமாத்தான் சொன்னியா?" என்றாள்.

"பின்ன, வெளையாட்டுக்கா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் அப்பாவை அடக்கம் பண்ணிய அன்றைக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருடம் ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்த்தாள். உடம்புக்கு முடியாமல் போனதும் பாசிர் கூடாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் சமையல் எண்ணெய் அடைக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசி ஏற்றும் லோரி ஓட்டுகிறார். சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி மதிய ஷிப்ட் வாங்கிக்கொண்டேன். திங்கள், புதன், வெள்ளி காலைகளில் அக்காவை டயாலிசிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போவது என் வேலை.

நிலையம் ஒரு கடைவரிசையில், டயர் கடைக்கும் துணி வெளுக்கும் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள். அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பாய். மூவாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், கிட்னி போனபிறகு கடையை விட்டுவிட்டு மகன் வீட்டோடு வந்துவிட்டவர். முதல் நாள் அக்கா ஊசியைப் பார்த்து வெளிறிப்போய்க் கிடக்கும்போது அவர் திரும்பி, "பசியாறிட்டியாம்மா?" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். "இல்லண்ணே. இதெல்லாம் சாப்பிடக் கூடாதுன்னு ஒரு கட்டு பேப்பர் குடுத்துட்டாங்க."

"அந்தப் பேப்பர் வீட்டுக்கு. இங்க வேற சட்டம்" என்றார் பாய்.

அந்தச் சட்டம் இதுதான். மெஷின் ஓடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள், வீட்டில் தொடவே கூடாததைக் கொஞ்சம் சாப்பிட்டுக்கொள்ளலாம். மிச்ச மூன்று மணி நேரத்தில் மெஷின் அதை இழுத்துவிடும் என்பது நோயாளிகளின் கணக்கு. நர்ஸ் மிஸிகள் முதலில் திட்டுவார்கள், பிறகு எதையோ தேடுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கூட வந்த நாங்கள் பையிலிருந்து பொட்டலங்களை எடுப்போம். பீசாங் கோரேங் என்கிற பொரித்த வாழைப்பழம், தேங்காய்ப்பால் விட்ட குழம்பு, ஒருத்தருக்குத் தக்காளிச் சட்னி. அக்காவுக்கு ஊசி குத்திய கை ஆடக்கூடாது. மறு கையால் ஒரே ஒரு வாழைப்பழப் பலகாரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிச் சாப்பிடுவாள். அதைப் பார்க்கவே நான் இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளியிருக்கும் கடைக்கு ஓடுவேன்.

எடை பார்க்கிற கூத்து வேறு. மெஷினில் உட்காரும் முன் ஒவ்வொருவரும் தராசில் ஏறவேண்டும். போன தடவையிலிருந்து உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அன்றைக்கு யாருக்கு அதிகமோ அவருக்கு டிவி ரிமோட் கிடையாது. பாய் தூரத்திலிருந்தே கன்னத்தைப் பார்த்து எடை சொல்லிவிடுவார்.

"ரெண்டரை கிலோ! இந்தம்மா நேத்து கள்ளத்தனமா ரசம் குடிச்சிருக்கு."

"மொதல்ல ஒங்க தொப்பைக்கு ஒரு தராசு வாங்குங்க பாய்" என்பாள் அக்கா. பன்னிரண்டு நாற்காலியும் சிரிக்கும். வீட்டில் வாயே திறக்காதவளா இவள் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

வீட்டில் அவளுக்கு நாள் முழுக்க அரை லிட்டர் தண்ணீர்தான். குழம்பும் அதில் சேர்த்தி. எலுமிச்சைச் சாற்றைச் சுண்டுவிரல் நுனி அளவு ஐஸ்கட்டிகளாக உறைய வைத்துத் தருவேன். ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கடலோரம் போய்க் கப்பல் பார்ப்போம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு பேசிக்கொண்டது அதற்கு முன்னால் கிடையாது.

ஆனால் அதே இடத்தில்தான் எனக்குப் பயமும் பிடித்தது. முதல் மணி நேரத்தில் சிரிக்கிறவர்கள் மூன்றாவது மணி நேரத்தில் எப்படியிருப்பார்கள் என்று பார்த்துவிட்டேன். ஒருநாள் அக்காவின் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டன. "அம்மா, அம்மா" என்று அவள் கத்த, நானும் மிஸியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து அழுத்தினோம். நோன்பு மாதத்தில் கதவோரத்து நாற்காலி ஒன்று காலியானது. அந்த மனிதர் வெள்ளிக்கிழமை என்னிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர். திங்கட்கிழமை அந்த நாற்காலியை மருந்து போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றைக் கொடுத்துவிட்டு, இருக்கிற இன்னொன்றும் போய்விட்டால் நானும் இங்கேதானே வந்து உட்கார வேண்டும்? இந்த ஒரு கேள்வி மண்டைக்குள் நுழைந்ததுதான், பிறகு வெளியே போகவேயில்லை. குளிக்கும்போது இடுப்புக்கு மேலே கை வைத்துப் பார்ப்பேன். வேலையிடத்தில் எண்ணெய்ப் புட்டிகள் வரிசையாகப் போகும்போது என் வயிற்றை யாரோ திறப்பதுபோலிருக்கும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீதான் முடிவு பண்ணணும்" என்றார். மீன் வாங்கலாமா என்று கேட்டாலும் அவர் அதையேதான் சொல்வார்.

ஒவ்வொரு சோதனையாகத் தேறினேன். ரத்த வகை சேர்ந்தது. கோயிலில் விசுவாசிகள் மன்றாட்டில், "தன் உறுப்பைத் தானம் செய்யவிருக்கும் நம் சகோதரிக்காக" என்று வாசித்தார்கள். பின் வரிசைப் பெண்கள் என் தோளைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அக்கா என் காதில், "ஆப்பரேஷன் முடிஞ்சதும் கரும்புத் தண்ணி குடிக்கணும்டி. அளவு பாக்காம, வயிறு முட்ட" என்றாள்.

அடுத்த சோதனையும் சேர்ந்தது என்று தகவல் வந்த நாளில் நிலையத்தில் கைதட்டினார்கள். பாய் தன் மகனை மூவாருக்கே அனுப்பி எல்லாருக்கும் மீ பண்டோங் நூடுல்ஸ் வாங்கிவரச் செய்தார். "ஒன் தங்கச்சி மாதிரி ஒருத்தி யாருக்கும்மா கெடைப்பா!" என்று அக்காவிடம் சொல்லி அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். பிறகு கழிவறைக்குப் போய் அத்தனையையும் வாந்தி எடுத்தேன். உறைப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாகக் கோலாலம்பூருக்குக் கூப்பிட்டார்கள். காலை பஸ்ஸில் போனோம். கொடுக்கிறவரிடம் தனியாகப் பேசவேண்டும் என்று அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே அழைத்தார்கள். இளம் வயது மலாய்ப் பெண் டாக்டர். அவருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். அவசரமே இல்லாமல் பேசினார்.

"யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?"

"இல்லை."

"உங்களுக்கு விருப்பமில்லை என்றால் இங்கேயே சொல்லலாம். பொருந்தவில்லை என்று மட்டும்தான் எழுதுவோம். காரணத்தை யாரிடமும் சொல்ல மாட்டோம். உங்கள் அக்காவிடமும் சொல்ல மாட்டோம்."

நான் தயார், எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை என்று மலாயில் ஒரு முழுப் பேச்சு மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அதில் ஒரு சொல்லும் வரவில்லை. "சாயா தாக்குட், டாக்டர்" என்றேன். பயமாக இருக்கிறது. இவ்வளவுதான். மாதக்கணக்காக என் வீட்டுக்காரரிடமும் மாதாவிடமும் சொல்லிச் சொல்லி முடியாதது, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் ஒரு நொடியில் முடிந்துபோனது. அவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அக்காவை உள்ளே அழைத்து, பொருந்தவில்லை என்று மட்டும் சொன்னார்கள். வெளியே வந்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அவள் அழுதால் என்ன சொல்வது, கோபப்பட்டால் என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒனக்கு என்னடி? ஒன் கிட்னியில ஏதாச்சும் கோளாறா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாமயா பொருந்தலன்னாங்க? போன மாசம் வரைக்கும் எல்லாம் சேந்துச்சே! இப்ப ஸ்கேன்ல எதையோ பாத்திருக்காங்க. ஒங்கிட்ட மறைக்கிறாங்க."

பஸ்ஸில் அவள் என் கையை விடவில்லை. வழியில் யோங் பெங்கில் சாப்பிட நிறுத்தியபோதும் பிடித்தபடியே இறங்கினாள்.

அன்றிலிருந்து வீட்டில் என் குழம்பில் உப்பு இல்லை. அவள் சாப்பாட்டோடு சேர்த்து எனக்கும் தனியாக வடித்தாள். வேலைக்குப் போகும்போது இரண்டு லிட்டர் புட்டி என் பையில் இருக்கும். தண்ணி குடிச்சியா, தண்ணி குடிச்சியா என்று போனில் குறுஞ்செய்தி வந்துகொண்டேயிருக்கும். அரை லிட்டரில் நாளை ஓட்டுகிற மனுஷி எனக்கு அனுப்பிய செய்தி அது. நவநாள் ஜெபத்தில் தன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுதிக் கொடுத்தாள். நிலையத்தில் ஒவ்வொரு நாற்காலியாக, "பாவம், எனக்குக் குடுக்க வந்து இவளுக்கே சீக்கு இருக்கறது தெரிஞ்சுபோச்சு" என்று சொன்னாள். மிஸி எனக்குக் கிட்னியைப் பாதுகாப்பது பற்றி ஒரு தாள் கொண்டுவந்து தந்தார். அடக் கடவுளே, நான் அதை வாங்கிக்கொண்டு நன்றியும் சொன்னேன்.

பாய் மட்டும் என்னிடம் எதுவும் விசாரிக்கவில்லை. ஒரு புதன்கிழமை அக்கா அசந்து தூங்கும்போது, டிவியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "என் மவனுக்கும் பொருந்தலைன்னுதான் சொன்னாங்க. நான் எந்த டாக்டரையும் போய்க் கேக்கல. புள்ள நல்லா இருந்தா சரி." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தன் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி, "வடை ஆறிடும், எடுத்துக்கம்மா" என்றார்.

அக்கா விடவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்குப் போய், "இவளுக்கு முழுசா செக் பண்ணுங்க" என்றாள். ரத்தம் எடுத்தார்கள். மறுவாரம் முடிவு வாங்க நான் உள்ளே போனேன், அவள் வெளியே பெஞ்சில் இருந்தாள். டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வயதுக்கு அருமையான கிட்னி. இப்படியே வைத்துக்கொள்ளுங்கள்."

கிளினிக் கழிவறையில் அந்தத் தாளை நான்காகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அவளுடைய அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். கதவைத் திறக்கும் வரைக்கும் நினைத்தேன். சொல், சொல்லித் தொலை என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள், கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது.

"என்னடி சொன்னாங்க?"

"கொஞ்சம் பாத்து நடந்துக்கணுமாம்."

"பேப்பர் எங்க?"

"அவங்களே வச்சிக்கிட்டாங்க."

எனக்கு அப்பவே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினாள். திட்டவில்லை, அழவில்லை. என் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

அன்று ஞாயிறு. வெள்ளிக்குப் பிறகு இரண்டு நாளாக மெஷின் இல்லாமல் இருந்தவள். உதடெல்லாம் வெடித்திருந்தது, முகம் உப்பியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சமையலறைக்குப் போய்ப் பெரிய குவளையில் தண்ணீர் மொண்டு வந்தாள். விளிம்பு வரைக்கும் ஊற்றியிருந்தாள். என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"குடி."

"அப்புறம் குடிக்கிறேன்க்கா."

"இப்பக் குடி. நான் போனாலும் போறேன், எனக்கு வயசாயிருச்சு. நீ அந்த நாற்காலியில வந்து உக்காரக் கூடாது. நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

குடித்தேன். குளிர்ந்த தண்ணீர். அவள் குவளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் விழுங்கும் ஒவ்வொரு மடக்குக்கும் அவளுடைய தொண்டையும் ஏறி இறங்கியது. பாதியில் நிறுத்தினேன்.

"இன்னும் இருக்கு பாரு" என்றாள். "முழுசும் குடி."