பொதுச்சுவர்

நெதர்லாந்தில் இருக்கும் என் மகள் ஒரு பழைய வீட்டை வாங்கப் போகிறாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. நேற்று அந்த வீட்டுக்குள் நின்றபடி போனில் சுற்றிக் காட்டினாள். சுவரில் முடிபோல ஒரு விரிசல்.

"இந்தச் சுவரு யாருதுடி?"

"ரெண்டு வீட்டுக்கும் பொதுதாம்மா."

திருத்தணியில் நாங்கள் இருந்ததும் ஒட்டுவீடுதான். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம், பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டை இடித்துக் கட்டத் தொடங்கினார். எங்கள் உத்திரத்தைத் தாங்கிய பொதுச்சுவர் விரிசல் விட்டது. சோற்றில் மண் உதிர்ந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் வெற்றிலைச் சுண்ணாம்பை விரிசலுக்குக் குறுக்கே பூசினார்.

"இது வெடிச்சா சுவரு நகருதுன்னு அர்த்தம்."

மறுநாள் காலையில் வெடித்திருந்தது. கொதிக்கிற உலைப்பானையோடு அம்மாவைத் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டார்.

இடிக்க வந்த கொத்தனார் சிரித்தார். "இன்னா நைனா, சுண்ணாம்பு காஞ்சா தானா வெடிக்கும். இதைப் போய் பாத்துகினு இருந்தியா?"

தெருவே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. பக்கத்து வீடு எழும்பி முடியும்வரை அவள் உள்ளே அடுப்பு மூட்டவேயில்லை.

"நாளைக்குக் கையெழுத்தும்மா" என்றாள் மகள் போனில்.

"ஆங், போடு. அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்ல கேட்டுடு, இடிச்சுக் கட்டற யோசனை இருக்குதான்னு."

"இங்க அப்பிடியெல்லாம் இடிக்க மாட்டாங்க. நீ வேற."

சிரித்தாள். ஆனால் போனை வைக்கவில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, பக்கத்து வீட்டு மணி அடிக்கிற சத்தம்.