தந்தி வந்த இராத்தங்கல்

அறுபதுகளின் கடைசியில், நான் போர்ட் பிளேயரில் நர்ஸாக இருந்தபோது நடந்தது இது. நாகர்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறிப் போனவள் நான். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். ஊரில் அம்மாவும் தம்பியும் மட்டும். அந்தமான் என்றதும் ஊரில் எல்லோரும் ஜெயிலுக்கே அனுப்புவதுபோல அழுதார்கள். அம்மா மட்டும் அழவில்லை. "வேலைன்னா வேலைதான், போயிட்டு வா" என்று பொட்டலம் கட்டித் தந்தாள்.

எங்கள் சபையில் ஒரு வாலிபர் கூட்டம் இருந்தது. பெயருக்குத்தான் ஒரே கூட்டம். நாசரேத் பக்கத்து ஆட்கள் ஒரு பெஞ்சு, நாகர்கோவில் ஆட்கள் இன்னொரு பெஞ்சு, தீவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கடைசி பெஞ்சு. பாட்டு மட்டும் சேர்ந்து பாடுவோம், ஆராதனை முடிந்ததும் அவரவர் கும்பலோடு கிளம்பிவிடுவோம். எங்கள் ஐயருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, இது பொறுக்கவில்லை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஒரே இடத்தில் தங்க வேண்டும், சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிட்டு, ஞாயிறு காலை ஜெபம் முடித்து நேரே கோயிலுக்கு வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் இராத்தங்கல்.

முதல் சில இராத்தங்கல்கள் சிரிப்பாய்ச் சிரித்தன. சமையலுக்குச் சீட்டுப் போட்டுத்தான் ஜோடி சேர்ப்பார்கள், சொந்த ஊர்க்காரியோடு சேர முடியாது. எனக்குச் சீட்டில் வந்தவள் ஒரு லோக்கல் பெண். அவளுடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் தீவுக்கு வந்துவிட்டது. அவள் பேசுகிற தமிழில் பாதி இந்தி. நான் மரச்சீனிக் கிழங்கை அவிக்கச் சொன்னால் அவள் பொரித்து வைப்பாள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே சிநேகிதிகள் ஆனோம். கராச்சர்மாவில் அவள் வீட்டுக்குப் பின்னால் அவள் அப்பா போட்டிருந்த தகரக் கொட்டகைதான் பிறகு இராத்தங்கலுக்கு நிரந்தர இடமாயிற்று. பையன்கள் கொட்டகையில் படுப்பார்கள், நாங்கள் அவள் வீட்டுக் கூடத்தில்.

ஆனாலும் நெருக்கம் என்று சொல்ல முடியாது. பழகினோம், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் டியூட்டி முடித்து வரும்போது தந்தி வந்தது. அம்மாவுக்குச் சுகமில்லை, உடனே புறப்படு என்று தம்பி அடித்திருந்தான். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறிக் கராச்சர்மாவுக்குப் போய்விட்டேன். வேறு எங்கே போவதென்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். அந்தக் காலத்தில் மெட்ராஸுக்குக் கப்பல் மாதத்தில் ஓரிரு தடவைதான். கடலிலேயே மூன்று நான்கு நாள், அப்புறம் ரயில், அப்புறம் பஸ். விமானம் கல்கத்தாவுக்குத்தான் இருந்தது. அது பெரிய அதிகாரிகள் சமாசாரம். தூரத்தில் தனியாக இருக்கிற பிள்ளை தாங்காது என்று மெயின்லாண்டில் உள்ளவர்கள் சாவைச் சாவு என்று தந்தியில் அடிக்க மாட்டார்கள். அடக்கம் முடிந்த பிறகும்கூடச் சுகமில்லை, வா என்றுதான் அடிப்பார்கள். எங்கள் குவார்ட்டர்ஸிலேயே அப்படிப் போய் ஏமாந்து திரும்பியவர்கள் இருந்தார்கள். அதனால் தீவில் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்திருந்தது. ஊரிலிருந்து அப்படித் தந்தி வந்தால் காரியம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். எல்லோரும் கூடி இங்கேயே ஒரு ஆராதனை நடத்தித் துக்கத்தை ஆற்றிக்கொள்வோம். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. கடல் நடுவில் இருக்கிறவர்களுக்கு வேறு என்ன வழி?

கப்பல் ஹேடோ ஜெட்டி என்கிற கப்பல்துறையில்தான் நின்றுகொண்டிருந்தது. ஞாயிறு காலை புறப்பாடு. போகவேண்டும் என்றால் போயிருக்கலாம். ஐயர் அப்போது வேறு தீவுக்கு ஊழியத்துக்குப் போயிருந்தார். எங்களுக்கு மூத்தவர் என்று இருந்தவர் கூட்டத்தின் செயலாளர் அண்ணன்தான். நாசரேத் பக்கத்துக்காரர், துறைமுகத்தில் குமாஸ்தா. நான்தான் அவரிடம் கேட்டேன், போகட்டுமா அண்ணே என்று.

அவர் என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, போயிட்டு வந்தவன் சொல்லுதேன். எங்க அப்பாவுக்கு இப்படித்தான் தந்தி வந்துச்சு. கப்பல் பூரா அழுதுக்கிட்டே போனேன். போயிப் பாத்தா மண்ணுமேடுதான். தனியா அந்தக் கடல்ல கெடந்து அழுதது இருக்கே, அது யாருக்கும் வேண்டாம்மா. இங்க நாங்க இருக்கோம்லா."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. அவருக்காகவும் சேர்த்து நான் அழுதேன். என் சிநேகிதி மட்டும் தந்தியை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவளுக்குச் சொந்தபந்தம் எல்லாம் தீவிலேயே இருந்ததால், அவள் வீட்டுக்கு ஊரிலிருந்து தந்தி வந்ததே கிடையாது.

"அம்மா பீமார், சுகமில்லேன்னுதானே இருக்கு? ஜஹாஜ் நாளைக்குக் காலைலதானே போகுது? போய்ப் பாக்கட்டுமே பையா" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்.

யாரோ அவள் தோளைத் தொட்டு அடக்கினார்கள். உனக்கு இதெல்லாம் தெரியாது என்று நானே சொன்னேன். வார்டில் ஆபத்தான நிலையில் வந்தவர்கள் வாரக்கணக்கில் கிடப்பதையும், சிலர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவதையும் தினம் பார்க்கிறவள் நான். அந்தப் படிப்பும் அனுபவமும் அன்றைக்கு எங்கே போயின என்று இன்றுவரை தெரியவில்லை. சொந்த அம்மா என்றதும் நான் நர்ஸ் இல்லை, தீவுக்காரி ஆகிவிட்டேன்.

இராத்தங்கல் அன்றைக்கு அடக்க ஆராதனையாக மாறியது. கொட்டகை நடுவில் ஒரு ஆள் நீளத்துக்கு இடம் விட்டு, சுற்றிலும் பாய் விரித்து உட்கார்ந்தோம். அந்த வெறும் இடத்தில் என் சிநேகிதி வீட்டு முற்றத்துப் பூக்களைப் பறித்து வந்து பரப்பினாள். அடக்கத்துக்குப் பாடுகிற பாட்டுகளைப் பாடினார்கள். என் அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அவள் அவியல் வைக்கிற விதத்தை, பிரசங்கம் நீண்டால் கொட்டாவி விடுவதை, ஜெயிலுக்கு அனுப்புவதுபோல ஊரே அழும்போது அவள் மட்டும் அழாததைச் சொன்னேன். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் கேட்டார்கள்.

அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுச் சாவுகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். போக முடியாத சாவுகள். முகம் பார்க்காத சாவுகள். எப்போதும் எங்களைக் கேலி செய்கிற ஒரு பையன், தன் அக்கா பிரசவத்தில் போனதை அதுவரை யாரிடமும் சொல்லியதில்லை என்று சொல்லி விக்கி விக்கி அழுதான். நாசரேத் ஆள், நாகர்கோவில் ஆள், லோக்கல் என்பதெல்லாம் அன்றோடு போயிற்று. ஐயர் அத்தனை சீட்டுப் போட்டும் நடக்காதது அன்றைக்கு நடந்தது. பெண்கள் என்னை நடுவில் போட்டு, ஆளுக்கொரு கையை என்மேல் வைத்துக்கொண்டு படுத்தார்கள். என் வாழ்நாளில் அப்படி யாரும் என்னைத் தாங்கியதில்லை, நான் கட்டிக்கொண்டவர் உட்பட.

விடியற்காலை ஜெபத்தில் இருக்கும்போது கப்பலின் ஊதல் கேட்டது. யாரும் தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. தீர்மானம் முடிந்துவிட்டது என்ற நிம்மதி.

திங்கட்கிழமை தம்பிக்குத் தந்தி அடித்தேன். அடுத்த கப்பலில் வருகிறேன் என்று மட்டும். நினைவு ஜெபத்துக்காவது போய்ச் சேரலாம் என்பது என் எண்ணம்.

அடுத்த கப்பல் வந்த அன்று ஜெட்டியில் கூட்டம் தாங்கவில்லை. கப்பல் வந்தால் வேலை இல்லாதவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்போம். எனக்கு டிக்கெட் சொல்லி வைக்கவேண்டும் என்று செயலாளர் அண்ணனும் சிநேகிதியும் இன்னும் சிலரும் கூட இருந்தார்கள். நான் துக்கத்துக்கு வெள்ளைச் சேலை கட்டியிருந்தேன். ஏணியில் இறங்கி வந்தவர்களில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை. கொத்து வேலைக்காக அப்போதுதான் தீவுக்கு வருகிறார். என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தார்.

"மக்ளே, இந்தக் கப்பல்லயே ஏறிரு, கேட்டியா. அடுத்த கப்பல்ல வாறேன்னு நீ அடிச்ச தந்தியத்தான் அம்மை பிடிச்சுக்கிட்டுக் கெடக்கா. ஒரு பக்கம் வெளங்கல்ல, பேச்சு இல்ல. ஆனா உன் பேரச் சொன்னா கண்ணத் தெறக்கா."

எனக்கு முதலில் புரியவே இல்லை. யாருடைய அம்மை என்று கேட்டேன். அவர் என் சேலையை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. "இது என்ன மக்ளே வெள்ளச் சேல?" என்றார்.

செயலாளர் அண்ணன் அங்கேயே, அத்தனை கூட்டத்தில், தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்து டிக்கெட்டுக்கு ஓடியது, என் சிநேகிதி குவார்ட்டர்ஸுக்கு ஓடி என் துணிகளை அள்ளி வந்தது எல்லாம் பிறகு. அவ்வளவு ஓடியும், கப்பல் சரக்கு இறக்கி, ஏற்றி, திரும்பிப் புறப்படவே நாட்கள் ஆயின. அந்த நாட்களில் நான் யாரோடும் பேசவில்லை. அவர்களும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

நான் கடலில் இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். ஊருக்குப் போனபோது மண் இன்னும் ஈரமாக இருந்தது. தம்பி என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தந்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதாகவும், அதன் பிறகு அவள் கட்டிலை வாசல் பக்கமாகத் திருப்பிப் போடும்படி கையால் காட்டியதாகவும் மட்டும் சொன்னான்.

லீவு முடிந்து தீவுக்குத் திரும்பினேன். கோயிலுக்குப் போனேன், கூட்டத்துக்குப் போகவில்லை. அவர்கள்மேல் கோபமா என்றால், ஆம், கோபம்தான். என்மேலும் கோபம். செயலாளர் அண்ணன் ஞாயிறுதோறும் கோயில் வாசலில் என் வழியில் நிற்பார். ஏதோ சொல்ல வாயெடுப்பார், சொல்ல மாட்டார். எனக்கும் நின்று கேட்க மனம் வராது.

அடுத்த வருஷம், எங்களைக் கேலி செய்வான் என்று சொன்னேனே, அந்தப் பையனுக்குத் தந்தி வந்தது. அப்பாவுக்குச் சுகமில்லை, புறப்படு. சேதி எனக்கு எப்படியோ எட்டியது. டியூட்டியை இன்னொருத்தியிடம் சொல்லிவிட்டு லம்பா லைன் பகுதியில் அவன் தங்கியிருந்த அறைக்கு ஓடினேன். எனக்கு முன்னால் எல்லோரும் அங்கே இருந்தார்கள். யாரும் பாடவில்லை, யாரும் ஜெபிக்கக்கூட இல்லை. என் சிநேகிதி அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். செயலாளர் அண்ணன் டிக்கெட்டோடு மூச்சு வாங்க வந்து, என்னைப் பார்த்து அப்படியே நின்றார். நான் பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். நல்லவேளையாகக் கப்பல் ஜெட்டியில் நின்றிருந்தது, அன்றைக்கே அவனைக் கப்பலேற்றினோம். அழுகிறதை அங்கே போய் அழு என்றார் அண்ணன்.

வீட்டார் தந்தி அடிப்பதற்கு முன்னாலேயே அவன் அப்பா அடக்கமாகிவிட்டார். அவன் பார்த்தது மண்ணுமேடுதான். திரும்பி வந்தவனிடம், வீணாக அலைய வைத்துவிட்டோமே என்று நான் வருந்தினேன். "இல்லக்கா, போகாம இருந்திருந்தா எங்கப்பா இருக்காரா இல்லையான்னு தெனம் கேட்டுக்கிட்டே இருந்திருப்பேன்" என்றான். அன்று மாலை நான் மறுபடியும் இராத்தங்கலுக்குப் போனேன். அதற்குப் பிறகு தீவை விட்டு வரும்வரை ஒன்றைக்கூட விடவில்லை. எந்தத் தந்தி வந்தாலும் முதலில் கப்பலேற்றுவது என்பது எங்கள் கூட்டத்தின் வழக்கமாயிற்று.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. அந்த இரவு அவர்கள் என்மேல் வைத்த அன்பில் ஒரு துளிகூடப் பொய் இல்லை, அது எனக்குத் தெரியும். அத்தனை கைகள் என்னைத் தாங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், என் அம்மா உயிரோடு என்னைத் தேடிக்கொண்டிருந்தாள் என்பதும் தெரியும். ஒன்றை நினைக்காமல் இன்னொன்றை நினைக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.