மெயினருவி உதாரணம்

தென்காசியில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். வலைப்பூ எழுதுவதால் ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் நன்மைகள் என்பது தலைப்பு. பயிற்சி கொடுக்க வந்தவர் சின்ன வயசுக்காரர், பாவம், உற்சாகமாகத்தான் பேசினார். சிந்தனை தெளிவாகும், சக ஆசிரியர்களோடு தொடர்பு கிடைக்கும், வகுப்புக்கு வர முடியாத மாணவர்களும் பாடத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரையில் வரிசையாக வந்தது. ஒன்றைக்கூட நான் மறுக்க மாட்டேன். எல்லாம் உண்மை. இங்கே யாராவது எழுதுகிறீர்களா என்று அவர் கேட்டபோது ஒரு கையும் உயரவில்லை. என் கை, வடை வைத்துக் கொடுத்த எண்ணெய்த் தாளைக் கசக்கிக்கொண்டிருந்தது.

நான் எழுதியிருக்கிறேன். இப்போது அது இல்லை.

இலஞ்சிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அரசாணையில் இல்லாத ஒரு விடுமுறை உண்டு. சாரல் பிடித்து அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தால், குற்றாலத்தில் கடை போடுகிற வீட்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு வராது. சீசன் முடிந்துதான் வரும். ஆனால் வருகைப் பதிவேட்டில் எல்லாரும் ஆஜர். தலைமை ஆசிரியை இதைத் திருட்டுத்தனமாகச் செய்கிறவர் இல்லை. வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாமல் போய்விடும், அதுகள் என்ன செய்யும் என்று வருத்தப்பட்டுத்தான் போடச் சொல்வார். எனக்கு அவர்மேல் கோபம் வந்ததில்லை. ஆனால் பிள்ளை வந்ததாக எழுதலாம், படித்ததாக எப்படி எழுதுவது? அந்த எரிச்சலில்தான் வலைப்பூ தொடங்கினேன்.

பெயர் போடவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவள் எதையாவது எழுதினால் யாராவது விளக்கம் கேட்பார்கள். தவிர, ஆசிரியர் அறையில் இதையெல்லாம் பேச முடியாது. இன்றைக்கு மின்தடைப் பாடம் நடத்தினேன், ஒருத்தருக்கும் புரியவில்லை என்று சொன்னால், பாடத்துக்குப் பின்னால் இருக்கிற கேள்வியை மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள் டீச்சர் என்பார்கள். வலைப்பூவில் நடத்தியதையும் எழுதினேன், நடத்தத் தெரியாமல் முழித்ததையும் எழுதினேன். எங்கெங்கோ இருந்து ஆசிரியர்கள் படித்தார்கள். எனக்கும் இப்படித்தான் ஆனது என்று யாரோ எழுதுவார்கள். அதைப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்கும்.

ஆனால் நான் எழுதியது ஒரு பெண்பிள்ளைக்காக. அவள் என் வகுப்புதான். ஐந்தருவியில் அவள் அம்மாவுக்குப் பழக்கடை. அம்மாவுக்கு ஒரு கை வராது. அதனால் அன்னாசி சீவுவது, ரம்புட்டானைக் கொத்துக் கட்டித் தொங்கவிடுவது எல்லாம் இவள். வகுப்பில் வாயே திறக்காதவள். புரிந்ததா என்றால் புரிந்தது டீச்சர் என்பாள்; முகத்தைப் பார்த்தால் ஒன்றும் ஏறவில்லை என்று தெரியும். இதைப் படியுங்கள், நன்றாக இருக்கிறது என்று யாரோ எழுதியதைப் போலச் சொல்லி, சீசனுக்கு முன்பே வகுப்பில் எல்லாருக்கும் சுட்டி அனுப்பியிருந்தேன்.

வகுப்பில் பேசாதவள் வலைப்பூவில் பேசினாள். அம்மாவின் போனிலிருந்து, பெயரில்லாமல். ஆனால் கடையில் கூட்டம் வந்துவிட்டது, மீதியை அப்புறம் படிக்கிறேன் என்று எழுதினால் எனக்குத் தெரியாதா? இந்த உதாரணம் புரியவில்லை, வேறு சொல்லுங்கள் என்று எழுதுவாள். எத்தனையோ வருஷமாக நடத்துகிறேன், எந்தப் பிள்ளையும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மின்தடைக்கு நான் சொன்ன எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் குற்றாலத்து மெயினருவியைக் கொண்டுவந்தேன். கூட்டம்தான் மின்னோட்டம். போலீஸ்காரர் கயிறு கட்டி வரிசையை நெருக்குகிற இடம் மின்தடை. இடம் குறுகக் குறுக ஆள் மெதுவாகத்தான் போகும், உரசலில் சூடும் பிறக்கும். இப்பப் புரியுது என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில், கை வராத அம்மாவையும் பழக்கடையையும் பதிவேட்டில் மட்டும் பள்ளிக்கு வருகிற மகளையும் வைத்து ஒரு பதிவு எழுதினேன். ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

சீசன் நடுவில் அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. தலைமை ஆசிரியை முந்தின நாளே கடைகடையாகப் போன் போட்டு, நாளைக்கு ஒரு நாள் பிள்ளையை அனுப்புங்கள் என்று கெஞ்சினார். அவளும் வந்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி அவளைத்தான் எழுப்பினார். மின்தடை என்றால் என்ன என்று கேட்டார். அவள் மெயினருவியைச் சொன்னாள். கயிறு, கூட்டம், சூடு, ஒன்றுவிடாமல் சொன்னாள். அதிகாரி சிரித்துக்கொண்டே என் பாடக்குறிப்பைப் புரட்டினார். அதிலும் மெயினருவி இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"பாவூர்சத்திரத்துல போய்ப் பார்த்தேன், இதே மெயினருவி. செங்கோட்டையில பார்த்தேன், அங்கயும் மெயினருவி. நெட்ல யாரோ ஒருத்தர் உக்காந்து யோசிச்சு எழுதுதாரு. நீங்க எல்லாரும் அதை அப்படியே அள்ளிப் போடுதீங்க. சொந்தமா யோசிக்கவே மாட்டீங்களா டீச்சர்?"

அது நான்தான் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்தில் தலைமை ஆசிரியை நிற்கிறார். மேஜையில் பதிவேடு திறந்து கிடக்கிறது. முதல் பெஞ்சில் அவள். எழுதியது நான் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பழக்கடைப் பதிவு எந்தப் பள்ளி, எந்தப் பிள்ளை என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"ஆமா சார். அதுல பார்த்துதான் எழுதினேன்" என்றேன்.

அவர் போனபிறகு அவள் மெதுவாக என் மேஜைக்கு வந்தாள். வகுப்பில் அவளாக என்னிடம் பேசியது அன்று ஒருநாள்தான். "வருத்தப்படாதீங்க டீச்சர். நானும் அதுல பார்த்துதான் படிக்கேன்" என்றாள்.

மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அதிகாரி அந்த வலைப்பூவின் சுட்டியை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அருமையான பணி, அனைவரும் படிக்கவும், ஆனால் நகல் எடுக்க வேண்டாம் என்று ஒரு குறிப்பு வேறு. கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன. பாராட்டிக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். எங்கள் பள்ளிக்காரர்கள் யாராவது படித்தால் போதும், பழக்கடையை உடனே அடையாளம் கண்டுவிடுவார்கள். வருகையைத் தோண்டினால் அவள் பரீட்சையே போய்விடும்.

ஆய்வகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த ஒரு பதிவை மட்டும் எடுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். எடுத்தேன். அடுத்ததைப் பார்த்தால் அதில் கடையில் கூட்டம் என்கிறாள். அதற்கு அடுத்ததில், அம்மா கூப்பிடுகிறாள் என்கிறாள். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் அவள் இருந்தாள். அவளுக்காக எழுதியது, அவள் இல்லாமல் எப்படி இருக்கும்? மொத்தமாக அழித்தேன். நகல் எதுவும் வைத்திருக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மறுநாள் அவள் கடைக்குப் போய்விட்டாள். நானும் சும்மா இருந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகத்தோடு ஐந்தருவிக்குப் போனேன். பழம் வாங்க நிற்கிறவர்களுக்கு நடுவில் நின்று சொல்லிக்கொடுத்தேன். புரிந்தது டீச்சர் என்றாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சரி டீச்சர் என்று வந்தது. நான் டீச்சராக நின்றால் அவளுக்குக் கேள்வி வராது. பெயரில்லாத யாரோ ஒருவராக இருந்தால்தான் கேட்பாள். புதிதாக வேறொன்று தொடங்கலாம் என்று உட்கார்ந்தேன். அருவியும் கடையும் இல்லாமல் எனக்குப் பாடம் எழுத வரவில்லை. அதைப் போட்டால் மறுபடியும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பத்தாம் வகுப்பில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறினாள். அறிவியலில் போய்விட்டது.

அந்தப் பயிற்சி முடிந்து இலஞ்சிக்குத் திரும்பாமல் நேரே ஐந்தருவிக்குப் போனேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. அவள் அன்னாசி சீவிக்கொண்டிருந்தாள். துணைத் தேர்வுக்குப் பணம் கட்டினாயா என்று கேட்டேன். எங்கள் ஊருக்கென்றே திட்டம் போட்டதுபோல அந்தத் தேர்வு சீசனில்தான் வருகிறது.

"சீசன் முடியட்டும்னு அம்மா சொல்லுதா டீச்சர்" என்றாள். ஒரு துண்டில் மிளகாய்ப்பொடி தூவி என் கையில் வைத்தாள். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், அதுல எழுதினவங்க செத்துப் போயிட்டாங்களோ? திடீர்னு ஒண்ணுமே காணோம். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லாம போகமாட்டாங்களே."

தெரியவில்லை என்றேன். அதற்குள் கேரளா வண்டி ஒன்று வந்து நின்றது, அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.