மாங்கொல்லையில் ஒரு பட்டாளத்துக்காரரின் மீசை

சென்ற ஜூலை முதல் வாரம் ஜவ்வாது மலைக்குப் போனேன். அருவிக்காக அல்ல. அங்கே ஒரு கல் நட்டார்கள். அதைப் பார்க்க.

கல்லூரியில் நடுகற்களைப் படித்திருக்கிறேன். செங்கம் பக்கத்துக் கற்கள். வில், வாள், பாயும் கால். மாடு மீட்கப் போய் இறந்தவர்கள். இன்றும் யாராவது நடுகிறார்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. வாணியம்பாடி நண்பன்தான் சொன்னான். அவனுடைய மாமா பஷீர், ஓய்வுபெற்ற ஹவில்தார். கார்கில் போரில் தன் பக்கத்தில் நின்று இறந்த அண்ணாமலைக்கு, அவர் ஊரான மாங்கொல்லையில் கல் வைக்கப் போகிறார். இத்தனை ஆண்டு ஏன் வைக்கவில்லை? வண்டி போகும் சாலை இந்த ஆண்டுதான் வந்தது. தலைச்சுமையாய் ஏற்றக்கூடிய கல் இல்லை அது.

வேலூரில் தங்கியிருந்தேன். காலை 6.10க்குப் பேருந்து, 7.50க்கு வாணியம்பாடி. அங்கிருந்து ஆலங்காயம் சுமார் இருபது கிலோமீட்டர், டிக்கெட் பதினெட்டு ரூபாய். இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். மலை மெல்ல மெல்ல எழுந்து வரும்.

ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் பஷீர் பாய் சின்ன லோடு வண்டியோடு நின்றார். பின்னால் வைக்கோலில் சுற்றிய கல். அதன் பக்கத்தில் அதைச் செதுக்கிய சிற்பி ஏழுமலை, காலை நீட்டி.

"முன்னாடி ஏறு பா. டீ குட்ச்சியா?"

"குடிச்சேன் பாய்."

"பொய். தூக்கம் மூஞ்சியிலயே கீது."

குடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். மலைப்பாதை வளைவுகளில் கல் அசையும் சத்தம் வரும்போதெல்லாம் பாய் வெளியே தலையை நீட்டிக் கத்துவார். "ஏழுமல! எங்காளு நல்லா கீறானா?"

"தூங்கறாருங்க!"

காவலூர் வரும் முன் ஊர் வழக்கத்தைச் சொன்னார். கல்லை நிறுத்துவதற்கு முன், இறந்தவருக்கு மிக நெருங்கியவர் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். இவர்தான் என்று பட்டால் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாத கல்லை நட மாட்டார்கள். அண்ணாமலைக்கு நெருங்கியவர் என்றால் மனைவி மல்லிகா. மணமான முதல் வருடத்திலேயே போர்.

"அந்தப் பொண்ணு ஒரு தபா கூட அவன் பேர சொன்னதில்ல. புருஷன் பேர சொல்லக் கூடாதாம். என்கிட்டயே 'உங்க சிநேகிதர்'னுதான் சொல்லும். இன்னிக்கு இன்னா பண்ணப் போவுதோ!"

பாய்க்குச் சிரிப்பு. கொஞ்சம் பயமும்.

காவலூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் புதுச் சாலை. இருபுறமும் விதைத்து முளைவிட்ட சாமைக் கொல்லைகள், புளியமரங்கள். மாங்கொல்லையில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சாமைச் சோறு வெந்துகொண்டிருந்தது. ஆடு மட்டும் உயிரோடு கட்டியிருந்தது. அதை பாய்தான் அறுக்க வேண்டும், அண்ணாமலையின் நினைவு நாளுக்கு அவர் வரும் ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான். அவரும் சாப்பிட வேண்டுமே. அழுவதற்கென்று யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

மல்லிகா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. நூறு பிள்ளைகளை ஒரே குரலில் உட்காரவைக்கும் தொண்டை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். ஏழுமலை வைக்கோலை விலக்கினார்.

தொப்பி. துப்பாக்கி. முறுக்கிய பெரிய மீசை.

மல்லிகா பார்த்தார். சுற்றி வந்து மறுபடி பார்த்தார்.

"இது யாரு?"

மேளம் நின்றது.

"உங்க வூட்டுக்காரருங்க" என்றார் ஏழுமலை.

"அவருக்கு ஏதுங்க மீச?"

பாய் நெற்றியில் கை வைத்தார். "யோவ், போட்டோ குடுத்தேன்ல? அதுல மீச இருந்துச்சா?"

"இல்லீங்க. சின்ன வயசு போட்டோன்னு நெனச்சேன். பட்டாளத்துக்காரர் மீச இல்லாமயா? நாலு பேர் பார்த்தா முனீஸ்வரன் கணக்கா இருக்க வேணாமா?"

"அவனுக்கு மீசயே மொளைக்காதுய்யா! வருஷம் பூரா வளத்தான். நாலு முடி. மொத்த பட்டாலியனும் எண்ணிப் பாத்துச்சு."

கூட்டம் சிரித்தது. மல்லிகா சிரிக்கவில்லை. நான் ஏழுமலையின் பக்கம் இருந்தேன், ரகசியமாக. படித்த கற்களில் எல்லாம் வீரர்களுக்கு ஒரே முகம். அது போதும் என்றே நினைத்திருந்தேன்.

ஏழுமலை தாழ்ந்த குரலில் விளக்கினார். மீசையை எடுக்கலாம். ஆனால் அடியில் உதட்டுக்குக் கல் குறைவு. உளி கொஞ்சம் இறங்கினால் உதடு பெயர்ந்துவிடும். பின்னமான கல்லை நட முடியாது. இப்படியே விட்டால் பத்திரம்.

எல்லோரும் மல்லிகாவைப் பார்த்தார்கள்.

"மீச வெச்ச வேற ஆம்பளைக்கு நான் பூ வெக்க மாட்டேன். எடுங்க."

ஏழுமலை கல்லின் முகத்தில் தண்ணீர் தெளித்தார். சிற்றுளியை எடுத்தார். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஷேவிங்குக்கு சோப்பு வேணாமா?" ஓர் அக்கா நிஜமாகவே சோப்பு டப்பாவோடு வந்துவிட்டார். வலப்பக்க மீசை தூளாய் உதிர்ந்தது. "கண்ணாடி காட்டுங்கப்பா!"

இடப்பக்கம் பாதி போனபோது ஒரு சில்லு தெறித்தது. உதட்டோரம். ஏழுமலையின் கை நின்றது.

ஆடு மட்டும் கத்தியது.

அவர் குனிந்து தூசியை ஊதினார். உதடு இருந்தது. ஓரம் மட்டும் ஒரு நூல் அளவு மேலேறி, உள்ளே ஒடுங்கி. மிச்ச மீசையையும் மெதுவாக எடுத்துவிட்டு, மல்லிகாவைப் பார்க்காமல் ஒதுங்கி நின்றார்.

மல்லிகா முந்தானையால் கல்லின் வாயைத் துடைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"லீவுல வந்தா நான்தான் சமைப்பேன். கொழம்புல உப்பே இருக்காது. சொன்னா நான் அழுவேன்னு, இப்டித்தான் வாய வெச்சினு குந்தினு இருப்பாரு."

பிறகு பெயர் சொல்வதுபோல் அவர் உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல!" என்றது கூட்டம்.

"அண்ணாமல."

"காஷ்மீர் வரிக்கும் கேக்கணும் தங்கச்சி" என்றார் பாய்.

மூன்றாவது முறைக்கு மல்லிகா மூச்சை இழுத்தார். பள்ளிக்கூடத் தொண்டை திறந்தது.

"ஏய் அண்ணாமல! சோறு ஆறுது, வா!"

நான் கேட்ட சிரிப்புகளிலேயே பெரியது அது. மேளக்காரர் அடிக்க மறந்து சிரித்தார். மல்லிகாவும், முகத்தை மூடாமல். அந்தச் சத்தத்துக்கு நடுவே கல் நிமிர்ந்தது.

நடுகல் பற்றிக் கல்லூரித் தேர்வில் நான் எழுதியது தவறில்லை. வீரரை ஊர் நினைக்கிறது. ஆனால் உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டவரை ஒருத்திதான் நினைக்க முடியும். கல் இரண்டு பேருக்கும் சேர்த்து நிற்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: காவலூர் வரை பேருந்து உண்டு. மேலே பேருந்து இல்லை, இருசக்கர வண்டி நல்லது. ஜூலையில் திடீர்த் தூறல் இருக்கும், மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காவலூர் வானாய்வகத்தையும் பார்க்க விரும்பினால் பார்வையாளர் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மாங்கொல்லையில் கடை இல்லை. ஆனால் பசியோடு திரும்ப விடமாட்டார்கள்.

கல்லின் முன் விறைப்பாக நிற்காதீர்கள். ஊரார் உங்களையும் கூப்பிடச் சொல்வார்கள். பெயர் அண்ணாமலை. சத்தமாகக் கூப்பிடுங்கள்.